எலும்பு வாளும் சுட்ட மண் காசும்: வினோத உலகங்களுக்கு ஏங்குபவர்கள் ஏன் அவற்றை ஆடுவதில்லை?

அத்தாஸ் என்ற உலகத்தில் வெயிலில் நடக்கும் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன் தண்ணீர் வேண்டும், ஏறத்தாழ நான்கு லிட்டர். கிடைக்காவிட்டால் உடம்பு தளரும், தளர்ந்தபடியே போனால் சாவு. இரும்பு அங்கே பொன்னைவிட அரிது. வாளை எலும்பிலும் மரத்திலும் எரிமலைக் கண்ணாடியிலும் செய்துகொள்கிறார்கள், ஓங்கி வெட்டும்போது அது கையோடு உடைந்தும் போகும். காசு சுட்ட மண்ணில் செய்தது. மந்திரவாதி பொறுப்பில்லாமல் ஒரு மந்திரம் போட்டால் சுற்றியுள்ள புல்பூண்டெல்லாம் சாம்பலாகிவிடும்.

இது ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ (சுருக்கமாக டி அண்ட் டி) விளையாட்டுக்காக டி.எஸ்.ஆர். என்ற அமெரிக்க நிறுவனம் 1991இல் வெளியிட்ட ‘டார்க் சன்’ தொகுப்பின் உலகம். முப்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்றும் டி அண்ட் டி ஆடுகிறவர்கள் கூடுமிடத்தில் வித்தியாசமான உலகங்களைப் பற்றிப் பேச்சு எழுந்தால், யாராவது ஒருவர் அத்தாஸை ஏக்கத்தோடு இழுத்துவிடுவார். சரி, கடைசியாக அதை எப்போது ஆடினீர்கள் என்று அவரிடமே கேட்டால், பெரும்பாலும் பதில் வராது. புத்தகத்தைப் படித்திருப்பார், படங்களைப் பார்த்து மயங்கியிருப்பார், ஒரு பாத்திரத்தைக்கூட உருவாக்கி வைத்திருப்பார். ஆட்டம் மட்டும் நடந்திருக்காது. ஆசைக்கும் ஆட்டத்துக்கும் நடுவே இவ்வளவு தூரம் எப்படி வந்தது என்பதுதான் என்னை வெகுநாளாகக் குடைந்துகொண்டிருக்கும் கேள்வி.

இந்த வகை ஆட்டம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடுவது இது. ஒருவர் டி.எம்., அதாவது டன்ஜன் மாஸ்டர். உலகத்தை விவரிப்பது, வழியில் எதிர்ப்படுகிற எல்லோருக்கும் குரல் கொடுப்பது அவர் பொறுப்பு. மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம். “கதவைத் திறக்கிறேன்” என்பார் ஒருவர், பகடை உருளும், கதை நகரும். திரை கிடையாது. அந்த உலகம் இருப்பது அங்கே உட்கார்ந்திருப்பவர்களின் மனசில் மட்டும்தான். ஐந்து மனசிலும் அது ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்தால்தான் ஆட்டம் ஓடும்.

1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் இந்த விளையாட்டை வெளியிட்டபோது, அதற்கு முன் அவர்கள் ஆடிக்கொண்டிருந்த இடைக்கால ஐரோப்பியப் போர் விளையாட்டுகளின் கவசமும் கோட்டையும் அப்படியே கூட வந்தன. கூடவே, ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ எழுதிய டோல்கீனின் கதைகளில் வரும் எல்ஃப், குள்ளர், குட்டை ஆட்களான ஹாபிட். டோல்கீன் படைப்புகளின் உரிமை வைத்திருந்தவர்கள் ஆட்சேபித்த பிறகு ஹாபிட் ‘ஹாஃப்லிங்’ ஆனது. பெயர்தான் மாறியது, ஆள் மாறவில்லை. கைகாக்ஸ் படித்து வளர்ந்த கதைகளில் இதைவிட விசித்திரமானவை நிறையவே இருந்தன. ஆனாலும் கோட்டையும் குகையும் டிராகனும்தான் நிலைத்தன. அதற்குக் கற்பனைப் பஞ்சம் காரணம் என்று நான் நினைக்கவில்லை. விளக்க வேண்டிய அவசியமே இல்லாதது அந்த உலகம். ஏழு கடல் தாண்டி, ஏழு மலை தாண்டி, ஒரு கிளிக்குள் மந்திரவாதியின் உயிர் இருக்கிறது என்று நம்மூர்க் குழந்தையிடம் சொன்னால், “கிளிக்குள் எப்படி உயிர் இருக்கும்?” என்று அது கேட்காது. மேசையில் உட்காரும் ஐந்து பேருக்கும் முன்கூட்டியே தெரிந்த கதை ஒன்று இருந்தால் டி.எம்.மின் பாரம் பாதி குறைந்துவிடும்.

அந்தப் பாரத்தைக் கூட்டிக்கொள்ள ஆரம்பம் முதலே ஆட்கள் இருந்தார்கள். விளையாட்டு பிறந்த அடுத்த வருடமே, 1975இல், டி.எஸ்.ஆர். ‘எம்பயர் ஆஃப் தி பெட்டல் த்ரோன்’ என்ற விளையாட்டுப் பெட்டியை வெளியிட்டது. எழுதியவர் எம்.ஏ.ஆர். பார்க்கர், மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் உருதும் தெற்காசியவியலும் சொல்லிக்கொடுத்தவர். 1950களின் தொடக்கத்தில் இந்தியாவுக்கு வந்து இஸ்லாத்தைத் தழுவிப் பெயரையும் மாற்றிக்கொண்டவர். சிறுவயதிலிருந்தே மனசில் வளர்த்துவந்த டெகுமேல் என்ற கிரகத்தை இந்தப் பெட்டியில் வைத்தார். குதிரை கிடையாது, உலோகம் மிகக் குறைவு, கவசத்தைப் பதப்படுத்திய விலங்குத் தோலில்தான் செய்ய வேண்டும். குலம் எது, கோயில் எது, எவர் முன்னால் எப்படிப் பேச வேண்டும் என்பதில்தான் வாழ்க்கையே இருக்கிறது. எல்ஃப் இல்லை, குள்ளர் இல்லை. இலக்கணத்தோடு ஒரு தனி மொழி வேறு.

இவ்வளவு அந்நியமான உலகத்துக்குள் அமெரிக்க இளைஞர்களைப் பார்க்கர் கொண்டுபோன விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். ஆடுபவர்களின் பாத்திரங்கள் ஜகல்லா என்ற துறைமுகத்தில் படகிலிருந்து இறங்குகிற வெளியூர்க்காரர்கள். வெளிநாட்டவருக்கென்று ஒதுக்கிய பகுதியில்தான் தங்க வேண்டும். கிடைத்த வேலையைச் செய்து, ஊர் வழக்கத்தைக் கற்று, மெல்ல மேலே வர வேண்டும். ஆடுபவருக்கு எதுவும் தெரியாது, அவருடைய பாத்திரத்துக்கும் தெரியாது. அறியாமை இங்கே தடையாக இல்லை, அதுவே கதை ஆகிவிட்டது. இதற்குப் பிறகு வந்த எத்தனையோ உலகங்கள் இதே படகில் ஏறித்தான் வந்திருக்கின்றன.

பார்க்கரைப் புகழ்ந்துவிட்டு மற்றதைச் சொல்லாமல் போவது நேர்மையாகாது. 1991இல் புனைபெயரில் வந்த ஒரு நாஜி ஆதரவு நாவலை எழுதியவர் அவரே என்று, அவருடைய படைப்புகளைப் பாதுகாக்கும் டெகுமேல் அறக்கட்டளை 2022இல் ஒப்புக்கொண்டது. அந்த உலகத்தை நேசித்த பலர் அதோடு அதை மூடி வைத்துவிட்டார்கள். அவர்கள் வருத்தத்தில் எனக்கும் பங்குண்டு.

அதே 1975இல் கிரெக் ஸ்டாஃபர்ட் படைத்த குளோரான்தா என்ற உலகம் ஒரு பலகை விளையாட்டாக வெளிவந்தது, 1978இல் ‘ரூன்குவெஸ்ட்’ என்ற பாத்திர விளையாட்டின் களம் ஆனது. வெண்கலக் காலம், ஒவ்வொருவருக்கும் ஒரு தெய்வம், அந்தத் தெய்வத்தின் வழிபாட்டுக் கூட்டத்திலிருந்துதான் மந்திரம். இதற்கு வேறொரு சிக்கல் வந்தது. வருடங்கள் போகப் போக அதன் புராணங்களும் வம்சங்களும் பெருகி, எல்லாம் தெரிந்தால்தான் ஆடலாமோ என்ற பயம் புதியவர்களுக்கு வந்துவிட்டது. “உங்கள் குளோரான்தா வேறுபடும்” என்ற ஒரு வாக்கியத்தை அதன் ரசிகர்கள் மந்திரம் மாதிரி திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியதாயிற்று. 1987இல் வந்த டாலிஸ்லாண்டா என்ற இன்னொரு உலகம் விளம்பரத்திலேயே “எல்ஃப் கிடையாது” என்று அறிவித்தது. கவனத்தை இழுத்த வாசகம்தான். ஆனால் ஒரு உலகத்தில் என்ன இல்லை என்று கேட்டு யாரும் அதில் குடியேறுவதில்லையே.

டார்க் சன்னுக்கு வருகிறேன். டிராய் டென்னிங்கும் டிமோதி பிரவுனும் வடிவமைத்தது. ஓவியர் பிராமின் படங்கள் அந்த உலகத்தின் தோற்றத்தையே தீர்மானித்தன: எலும்புக் கவசம், செந்நிற வானம், வறண்ட தோல். எல்ஃப் உண்டு, ஆனால் பாலையில் ஓடித் திரிகிற நாடோடி வியாபாரி, நம்பினால் மோசம் போவீர்கள். ஹாஃப்லிங் உண்டு, ஆனால் மனித மாமிசம் தின்பவர். தெய்வங்கள் இல்லை. நகரங்களை ஆள்கிற மந்திர அரசர்களே தெய்வம் மாதிரி நடந்துகொள்கிறார்கள்.

இதிலெல்லாம் வினோதம் இருக்கிறது. ஆனால் அத்தாஸை மறக்க முடியாததாக்கியது வேறு. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டுத்தான் பாலை என்ற வடிவம் கொள்கின்றன என்று நம் பழைய இலக்கியம் சொல்கிறது. அத்தாஸும் அப்படிப்பட்ட பாலைதான். ஒரு காலத்தில் பச்சையாக இருந்து, மந்திரவாதிகள் உயிரை உறிஞ்சி உறிஞ்சி மணலாகிப்போன நிலம். நிலத்தையும் பொழுதையும் முதலில் வைத்து, அங்கே என்ன தெய்வம், என்ன உணவு, என்ன விலங்கு, என்ன தொழில் என்று கருப்பொருள்களை அதிலிருந்து பிறக்கவைப்பது திணை மரபு. டார்க் சன்னை வடிவமைத்தவர்களுக்குத் திணை தெரிந்திருக்கும் என்று நான் சொல்லவரவில்லை. வேலை செய்த முறை அதுதான். தண்ணீர் இல்லை, உலோகம் இல்லை என்ற இரண்டு இல்லாமைகளிலிருந்து ஆயுதம், நாணயம், அரசு, அடிமை முறை எல்லாம் இறங்கிவருகின்றன.

அப்படி இறங்கி வந்தது ஆட்டத்தின் விதிவரைக்கும் போயிற்று. வழக்கமான ஆட்டத்தில் ஒரு பாத்திரம் முதல் படியில் தொடங்கும். அத்தாஸில் மூன்றாம் படியில் தொடங்க வேண்டும், இல்லாவிட்டால் முதல் வாரத்திலேயே செத்துப்போகும். ஒவ்வொருவரும் ஒன்றுக்கு நான்கு பாத்திரங்களை உருவாக்கி வைத்துக்கொள்ளச் சொல்கிறது விதி. ஒன்று போனால் அடுத்தது. உலகம் கொடூரமானது என்று புத்தகம் வர்ணிப்பது ஒன்று. நான்கு தாள்களை நம் கையில் கொடுத்து நிரப்பச் சொல்வது இன்னொன்று. பேனாவோடு அந்த நான்காவது தாளின் முன்னால் உட்காரும்போதுதான் இடம் எப்படிப்பட்டது என்று உறைக்கிறது.

நாங்கள் சில பேர் அத்தாஸில் ஆறு மாதம் ஆடினோம். இரண்டாவது வாரம் எங்களில் ஒருவருடைய எலும்பு வாள் சண்டைக்கு நடுவே உடைந்தது. அவர் சற்று நேரம் பகடையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், “செத்துக் கிடக்கிற இந்த மிருகத்தின் தொடை எலும்பு எவ்வளவு நீளம்?” என்று கேட்டார். அந்தக் கேள்வியை வேறெந்த உலகத்திலும் அவர் கேட்டிருக்க மாட்டார். அந்த இடத்தின் மனிதராக அவர் மாறியது அந்த நொடியில்தான். இப்படி ஒரு கேள்வியை எழவைக்கிற உலகமே எனக்கு நல்ல உலகம். விதிகளைத் தொடாமல் மேலே பூசிய வினோதம் எவ்வளவு அழகாக இருந்தாலும் இரண்டு ஞாயிற்றுக்கிழமைக்கு மேல் நிற்காது. மூன்றாவது வாரம் எல்லோரும் பழைய கோட்டையில் பழைய மாதிரியே சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள், பெயர்கள் மட்டும் வாயில் நுழையாதவையாக இருக்கும்.

டி.எஸ்.ஆர். அந்த வருடங்களில் ஓயாமல் உலகங்களை வெளியிட்டது. 1989இல் விண்வெளியில் பாய்மரக் கப்பல் ஓட்டும் ஸ்பெல்ஜாமர், 1990இல் திகில் உலகமான ரேவன்லாஃப்ட், 1992இல் அரபுக் கதைகளை ஒட்டிய அல்-காதிம், 1994இல் பிளேன்ஸ்கேப், 1995இல் ஆடுபவர்களே அரசாளும் பர்த்ரைட். இவற்றில் பிளேன்ஸ்கேப் தனித்து நிற்கிறது. அதன் நடுவில் சிகில் என்ற வளைய வடிவ நகரம். தெருவின் எந்தக் கதவும் வேறொரு உலகத்துக்குத் திறக்கலாம். நம்பிக்கையே அங்கே ஆயுதம். அதை ஆடியவர்களைவிட, அதைக் கொண்டு 1999இல் எடுத்த கணினி விளையாட்டு வழியாக அறிந்தவர்கள் அதிகமாக இருப்பார்கள் என்பது என் ஊகம்.

ஒவ்வொரு பெட்டியையும் செய்ய நிறையப் பணமும் உழைப்பும் போயிற்று. டார்க் சன் ஆடுபவர் பிளேன்ஸ்கேப் துணைநூலை வாங்கவில்லை, ரேவன்லாஃப்ட் ஆடுபவர் இரண்டையும் வாங்கவில்லை. ஒரே விளையாட்டின் ரசிகர்கள் பல ஊர்களில் சிதறிக் குடியேறியது போலாகிவிட்டது. விற்காத புத்தகங்கள் திரும்பி வந்தன, கடன் ஏறியது, 1997இல் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் என்ற இன்னொரு விளையாட்டு நிறுவனம் டி.எஸ்.ஆரை வாங்கிக்கொண்டது. வீழ்ச்சிக்கு நிர்வாகக் கோளாறுகள் பலவும் காரணம். ஆனால் வாங்கிய நிறுவனம் கற்றுக்கொண்ட முக்கியப் பாடம், உலகங்கள் அதிகமானால் சந்தை துண்டாகும் என்பதுதான். பின்னாளில் வந்த எச்சரிக்கை எல்லாம் அங்கிருந்து தொடங்கியது.

அதே விசார்ட்ஸ் நிறுவனம் 2002இல் துணிந்து ஒரு காரியம் செய்தது. புதிய உலகம் ஒன்று வேண்டும், யார் வேண்டுமானாலும் ஒரே பக்கத்தில் எழுதி அனுப்பலாம் என்று அறிவித்தது. 11,000க்கும் மேற்பட்டவர்கள் அனுப்பினார்கள். வினோத உலகங்கள்மேல் ஆசை எவ்வளவு என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரிந்து இல்லை. வென்றவர் கீத் பேக்கர். அவருடைய எபரான் 2004இல் வெளிவந்தது.

எபரானில் மந்திரம் ஒரு தொழில்நுட்பம். மின்னல் சக்தியில் ரயில் ஓடுகிறது, மந்திரத் தொழில்களைப் பெரிய குடும்பங்கள் நிறுவனங்களாக நடத்துகின்றன. நூறு வருடப் போர் ஒன்று அண்மையில்தான் முடிந்திருக்கிறது. அந்தப் போருக்கென்றே மரத்தாலும் உலோகத்தாலும் செய்யப்பட்ட ‘வார்ஃபோர்ஜ்டு’ என்பவர்கள் இப்போது விடுதலையாகி, இனி நாம் எதற்கு என்று தெரியாமல் தெருவில் நிற்கிறார்கள். இவ்வளவும் புதிது. ஆனால் டாலிஸ்லாண்டாவுக்கு நேர் எதிராக, டி அண்ட் டி-யில் இருக்கும் எதற்கும் எபரானில் இடம் உண்டு என்பது பேக்கரின் முதல் கொள்கை. எல்ஃப் உண்டு, இறந்த முன்னோரை வழிபடுகிறவராக. ஹாஃப்லிங் உண்டு, டைனோசர்மேல் சவாரி செய்கிறவராக. வழக்கமாக அரக்கராக வரும் ஓர்க் உண்டு, உலகைக் காத்த பழம்பெரும் மரபின் வாரிசாக. தெரிந்ததைக் கையில் கொடுத்துவிட்டு, அதைத் தெரியாத பக்கமாகத் திருப்பினார். படகில் ஏறி வரவேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று.

2014இல் வந்த டி அண்ட் டி-யின் ஐந்தாம் பதிப்பு, சிதறலுக்குப் பயந்து, பெரும்பாலான சாகசங்களை ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் என்ற வழக்கமான உலகத்திலேயே வைத்தது. எபரான் 2019இல், ஸ்பெல்ஜாமர் 2022இல், பிளேன்ஸ்கேப் 2023இல் என்று பழையவை ஒவ்வொன்றாகத் திரும்பின. அடிமை முறையும் இன அழிப்பும் அடித்தளமாக உள்ள அத்தாஸ் அந்த வரிசையில் இல்லை.

இதற்கிடையில் வினோதம் பெரிய நிறுவனத்தின் கையைவிட்டே வெளியே போய்விட்டது. விளையாட்டு வடிவமைப்பாளர் மான்டி குக் 2012இல் நியூமனேரா என்ற விளையாட்டுக்கு, மக்களிடம் முன்பணம் திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் இணையதளத்தில் 5 லட்சம் டாலருக்கு மேல் திரட்டினார். நூறு கோடி வருடங்களுக்குப் பிந்தைய பூமி. முந்தைய நாகரிகங்கள் விட்டுச்சென்ற கருவிகள் எதற்கென்று அங்கே வாழ்பவர்களுக்கே தெரியாது. மறுபடியும் பார்க்கரின் படகுதான், இந்த முறை ஒரு உலகமே அதில் உட்கார்ந்திருக்கிறது. முன்பணத்தை ஆடுபவர்களே கொடுப்பதால், கடைக்காரர் வாங்குவாரா என்ற கவலை இல்லை. சில ஆயிரம் பேர் விரும்பினாலே ஒரு உலகம் பிழைத்துக்கொள்ளும். மர உச்சிகளையே கடலாக்கி, அறுக்கும் பற்களோடு கப்பல்களை அதன்மேல் ஓட்டும் ‘தி வைல்ட்சீ’ போன்ற ஒன்றை 1995இல் எந்தப் பதிப்பகமும் தொட்டிருக்காது.

இந்த அலையில் ஒன்றைச் சொல் என்றால் 2017இல் வந்த ஜான் ஹார்ப்பரின் ‘பிளேட்ஸ் இன் தி டார்க்’கைச் சொல்வேன். அது நடக்கும் டாஸ்க்வால் சூரியன் உதிக்காத நகரம். செத்தவர்கள் ஆவியாகத் திரும்புவார்கள் என்பதால், ஒருவர் இறந்தவுடன் சுடுகாட்டு மணி தானே ஒலிக்கும், பிணத்தைத் தேடி ஒரு காகம் கிளம்பும். ஆடுபவர்களோ திருட்டுக் கூட்டம். கொலை செய்தால் கூட்டத்தின் மேல் காவலரின் கண் இத்தனை புள்ளி கூடுதலாக விழும் என்று விதி. முதல் தடவை மணி ஒலித்ததும் மேசையில் எல்லோரும் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். அதற்குப் பிறகு கத்தியை எடுக்கும் முன் யோசிக்கிறார்கள். இருபது பக்க வரலாறு செய்யாததை ஒரு மணியும் ஒரு காகமும் செய்துவிடுகின்றன.

ஆகவே, ஆசை இருந்தும் ஆட்டம் நடக்காததற்குக் காரணம் ஆடுபவர்களின் சோம்பல் என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஒரு வினோத உலகத்தைப் படிப்பது ஒருவர் தனியாகச் செய்யும் காரியம். ஆடுவதற்கு ஐந்து பேரும் படித்திருக்க வேண்டும், அல்லது படிக்காமலேயே புரிகிறபடி அது கட்டப்பட்டிருக்க வேண்டும். பெரும்பாலான புத்தகங்கள் டி.எம். ஒருவர் மயங்கி வாங்கட்டும் என்று எழுதப்படுகின்றன. மயங்கியவர் மற்ற நால்வருக்கும் ஒரு மணி நேரம் விளக்குகிறார். அந்த நால்வரும் மரியாதையாகக் கேட்டுவிட்டு, தங்களுக்கு நிச்சயமாகப் புரிந்த ஒன்றை, அதாவது சண்டையை, தேடிப் போகிறார்கள்.

எது வினோதம் என்பதும் யார் மேசை என்பதைப் பொறுத்தது. 1985இல் டி.எஸ்.ஆர். ‘ஓரியண்டல் அட்வென்ச்சர்ஸ்’ வெளியிட்டபோது, சீனமும் ஜப்பானும் ஒரே சட்டியில் கலந்த மசாலாவாக இருந்தன. அங்கே பிறந்தவருக்கு அது வினோதமும் இல்லை, வீடும் இல்லை. நிலைமை மாறத் தாமதமாயிற்று. 2021இல் வந்த ரேவன்லாஃப்ட் நூலில் இந்தியச் சாயலோடு களகேரி என்ற திகில் நாட்டை அஜித் ஜார்ஜ் எழுதினார். அடுத்த வருடம் வந்த ‘ஜர்னீஸ் த்ரூ தி ரேடியன்ட் சிட்டடெல்’ தொகுப்பில் பதின்மூன்று சாகசங்கள்; வெள்ளையரல்லாத எழுத்தாளர்கள் தங்கள் தங்கள் பண்பாட்டிலிருந்து எழுதியவை. கொல்கத்தாவைச் சேர்ந்த மிமி மண்டல் வங்க நதிக்கரைகளைச் சங்கபூமி என்ற நாடாக்கினார்.

சங்கபூமிச் சாகசத்தை நாங்களும் ஆடினோம். நான்தான் டி.எம். அமெரிக்க மேசைகளில் அதன் ஊர்களையும் பெயர்களையும் சிரமப்பட்டு விளக்க வேண்டியிருந்திருக்கும். எங்கள் மேசையில் ஆற்றைச் சொன்னதும் ஒருவர் படகுக்காரரை “அண்ணே” என்று கூப்பிட்டுக் கூலி பேசத் தொடங்கிவிட்டார், இன்னொருவர் கரையில் யாராவது டீ விற்கிறார்களா என்று பார்த்தார். யாரும் எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. அந்தக் குழுவிலேயே, முதல் முதலாக ஆட வந்த நாளில், ‘டாவர்ன்’ என்றால் தங்கும் விடுதியா சாராயக் கடையா என்று கேட்டவர் இருக்கிறார். பனியையும் துறவி மடத்தையும் ஏல் என்ற பானத்தையும் நாங்கள் படங்களிலிருந்தும் கணினி விளையாட்டுகளிலிருந்தும் ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டுதான் அந்தக் ‘கோட்டை உலகத்தில்’ நுழைந்தோம். ஐரோப்பியக் கோட்டைதான் எங்களுக்கு முதல் அந்நியத் துறைமுகமாக இருந்திருக்கிறது. நாங்களும் படகில் வந்து இறங்கியவர்கள்தான்.